பிறந்த குழந்தையை வீட்டிலேயே போட்டோ எடுத்தவங்க உங்க கதையைச் சொல்லுங்க

தில்லைநகர் அம்மா

நானே ஆரம்பிக்கிறேன். பாப்பா பிறந்து ஒன்பதாம் நாள் எடுத்தோம். ஸ்டுடியோவில் விசாரிச்சப்போ ரெண்டு மணி நேரத்துக்குச் சொன்ன தொகை எங்க மாச வாடகையைத் தாண்டிடுச்சு. போன் இருக்கு, ஜன்னல் இருக்கு, அப்புறம் என்னன்னு இறங்கிட்டோம். தையல் இன்னும் இழுத்துக்கிட்டு இருந்ததால நான் ஒரு ஓரமா உக்காந்து "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு அதிகாரம் பண்றதோட சரி. எடுத்ததெல்லாம் வீட்டுக்காரரும் என் தம்பியும்.

முதல் நாப்பது படம் குப்பைக்குப் போச்சு. ஜன்னல் வெளிச்சமும் வருது, டியூப்லைட்டும் எரியுது. ஒரு கன்னம் நீலம், இன்னொரு கன்னம் பாசி. தம்பிதான் லைட்டை அணைச்சான். ஒரே நிமிஷத்துல பாப்பா பாப்பா நிறத்துக்கு வந்துட்டா. மெத்தையை ஜன்னலுக்கு மூணடி தள்ளிப் போட்டு, தலையை ஜன்னல் பக்கமா திருப்பிப் படுக்க வெச்சோம். அதுக்கு முன்னாடி கால் அந்தப் பக்கம் இருந்துச்சு. வெளிச்சம் தாடையிலிருந்து மூக்குத் துவாரத்துக்கு ஏறி, பச்சைக் குழந்தை பேய்ப்படத்துல வர்ற மாதிரி இருந்தா! இருட்டா இருந்த பக்கம் எங்கப்பாவோட வெள்ளை வேட்டியை நாற்காலி மேல விரிச்சோம். அந்தக் கன்னமும் லேசா வெளுத்துடுச்சு.

பக்கத்துல போய் எடுத்தா மூக்கு பெரிசாத் தெரியுது. அதனால ரெண்டடி பின்னாடி வந்து 2எக்ஸ் ஜூம்ல வெச்சு எடுத்தார்.

நேரம் விஷயத்துல எங்கம்மா சொன்னதுதான் நடந்தது. எண்ணெய் தேய்ச்சு வெந்நீர் ஊத்தி, பால் கொடுத்து, ஏப்பமும் வந்துட்டா ரெண்டு மணி நேரத்துக்கு இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டா. குளிப்பாட்டினதும் சாம்பிராணி போடணும்னு அம்மா நின்னாங்க. வீட்டுக்காரரும் சேர்ந்துக்கிட்டார், புகையில வெளிச்சம் கோடு கோடா விழுமாம்! குழந்தைக்கு மூச்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார், நான் விடலை. ரெண்டு பேருக்கும் என் மேல கோபம், காரணம் மட்டும் வேற வேற.

கடைசியில 140 படத்துல தேறினது மூணு. அதுல ஒண்ணு, எல்லாரும் களைச்சுப் போய் காபி குடிக்கிறப்போ தம்பி சும்மா எடுத்தது. அம்மாவோட பழைய நூல்புடவையில கட்டின தூளி. அந்த மடிப்புக்குள்ள மூக்கு நுனியில பால் பொட்டு, தோள்ல பூனை முடி, வாயோரம் வழிஞ்ச ஒரு சொட்டுப் பால்.

கோவை அப்பா

நான் பண்ண முட்டாள்தனத்தைச் சொல்றேனுங்க, வேற யாரும் பண்ணிடக் கூடாது. கன்னத்துக்குக் கீழ ரெண்டு கையும் ஊனி தவளை மாதிரி குழந்தை உக்காந்து தூங்குற படம் இருக்கே, அதைப் பார்த்துட்டு பன்னெண்டாம் நாள் பையனை அப்படி உக்கார வைக்கப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாஞ்சது. என் மனைவி பிடிச்சிட்டா, ஒண்ணும் ஆகலை. ஆனா அந்த ஒரு நொடி வயித்துல என்னமோ பண்ணிடுச்சு.

அப்புறம்தான் போட்டோகிராபர் நண்பர் ஒருத்தர் விளக்கினார். அது ஒரே படமே இல்லீங்களாம். ஒரு படத்துல ஒருத்தர் தலையைப் பிடிச்சிருப்பார், இன்னொண்ணுல மணிக்கட்டைப் பிடிச்சிருப்பார். ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஒட்டி, பிடிச்ச கையை அழிச்சிடுவாங்களாம். கழுத்தே நிக்காத குழந்தை எப்படிங்க தானா உக்காரும்?

இன்னொண்ணு. நேர் மேல இருந்து எடுக்கிறப்போ போனுக்குக் கழுத்துக் கயிறு போட்டுக்கோங்க. எனக்கு வேர்த்த கை. அது மே மாசம், குழந்தைக்குக் காத்து ஆகாதுன்னு ஃபேனையும் நிறுத்திட்டாங்க. போன் நழுவி மெத்தையில, அவன் தோளுக்கு நாலு விரக்கடை தள்ளி விழுந்துச்சு. அவன் தூக்கிவாரிப் போட்டு ரெண்டு கையையும் விரிச்சான், அவ்வளவுதான், மறுபடி தூங்கிட்டான். நான்தான் அன்னைக்கு அதுக்கப்புறம் கேமராவைத் தொடலைங்க.

மாட்டுத்தாவணி மருமகள்

எங்க வீட்டு கலாட்டாவைக் கேளுங்க. படம் அழகா வந்துச்சு, ஆப்ல ஒரு தட்டுத் தட்டினேன், முகத்துல இருந்த சிவப்புத் தடிப்பெல்லாம் போயிருச்சு. கூடவே கன்னத்துல வெச்ச திருஷ்டிப் பொட்டும் போயிருச்சு! அதைக் கவனிக்காம குடும்ப குரூப்ல போட்டுட்டேன். அத்தை மூணு நாள் பேசலை. "பிள்ளைய பொட்டில்லாம ஊருக்கே காட்டிட்டியே"ன்னு மட்டும் ஒருதடவ சொன்னாங்க. இப்ப எதையும் அழிக்கிறதில்ல, தடிப்பும் இருக்கட்டும், பொட்டும் இருக்கட்டும்.

தூத்துக்குடி சித்தி

மேல பாசி நிறம்னு எழுதினதைப் படிச்சதும் எங்க கதை ஞாபகம் வந்துட்டு. அக்கா பொண்ணுக்கு அஞ்சாம் நாள் நான்தான் எடுத்தேன். வெள்ளைத் துண்டு, ஜன்னல் வெளிச்சம், லைட்டெல்லாம் அணைச்சாச்சு. படத்துல துண்டு வெள்ளையா இருக்கு, பிள்ளை முகம் மட்டும் மஞ்சள் பூசின மாதிரி இருக்கு. அறையில மஞ்சள் திரை எதுவும் கிடையாது. அதுக்கு முந்தின ரெண்டு நாள் படங்கள்ல இது தெரியவே இல்ல, ஏன்னா என் போன்ல அழகாக்குற மோடு எப்பவும் ஆன்லயே கிடக்கும். அன்னைக்குத்தான் தற்செயலா அணைச்சிருந்தேன்.

பிறகு நேர்ல நெத்தியை விரலால லேசா அமுக்கி எடுத்துப் பார்த்தோம். விரல் பட்ட இடம் மஞ்சள். மாமியார் "இளவெயில்ல காட்டுங்க, சரியாயிரும்"னாங்க. அக்கா கேக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டா. குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க, மஞ்சள் நிறம் தர்ற பிலிரூபின் கூடுதல். கண்ணை மூடிக் கட்டி நீல விளக்குக்குக் கீழ ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க. வெயிலை நம்பி நாளைக் கடத்தியிருக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பிறந்து ரெண்டு மூணு நாள்ல மஞ்சள் வர்றது நிறைய பிள்ளைகளுக்கு உண்டாம், பெரும்பாலும் தானா இறங்கிருமாம். எது தானா இறங்கும், எது இறங்காதுன்னு நாம பார்த்துச் சொல்ல முடியாதுல்லா.

போட்டோவைப் பார்த்து நோய் கண்டுபிடிக்கச் சொல்லல. அந்த மோடை மட்டும் அணைச்சிருங்க.

ஸ்கார்பரோ அப்பா

எங்கட மகன் பிறந்தது ஜனவரியில, டொரொன்டோவில. 31 நாள் துடக்கு (பிள்ளைப் பிறப்புத் தீட்டு) கழியும் வரைக்கும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாதெண்டு அம்மம்மா யாழ்ப்பாணத்தில இருந்து கண்டிப்பாச் சொல்லிப்போட்டா. ஆனா நாள் தவறாம எங்களுக்குக் காலமையில வீடியோ கோல் எடுத்து "பிள்ளையைக் காட்டு" எண்டுவா. வீடியோ கோல் படத்துக்க வராதாம்.

நாங்கள் களவா எடுத்தனாங்கள். வெளியில ஸ்நோ கொட்டிக் கிடந்ததால ஜன்னலால வாற வெளிச்சம் அப்பிடி ஒரு மெதுமை, வேட்டி ஒண்டும் விரிக்கத் தேவையில்லை. ஆனா பின்னேரம் வேளைக்கே இருட்டிப்போடும். 31 அண்டைக்கு எல்லாப் படத்தையும் ஒரேயடியா அனுப்பினன். தொப்புள்கொடி விழாத படம் எப்பிடி 31ல எடுத்ததெண்டு அம்மம்மா கேட்டா. நான் அதை யோசிக்கேல்லை.

தில்லைநகர் அம்மா

ஹாஹா, மாட்டிக்கிட்டீங்க! எங்க வீட்லயும் பன்னெண்டாம் நாள்தான் விழுந்தது, அதனால எல்லாப் படத்துலயும் இருக்கு.

ஒரு சின்ன வருத்தம், சொல்லாம இருக்க முடியலை. 140 படத்துல நான் ஒண்ணுலகூட இல்லை. வேட்டி விரிச்ச நாற்காலி இருக்கு, காபி டம்ளர்கூட இருக்கு. "நைட்டியில வேண்டாம், தலை வாரலை"ன்னு சொன்னதே நான்தான், யாரைக் குத்தம் சொல்ல?

பெரம்பூர் தாத்தா

தம்பி தங்கச்சிகளா, எடுத்த படத்தை வேற இடத்துலயும் வையுங்க. என் பேத்தி பிறந்தப்போ மருமகன் இருநூறு முந்நூறு படம் எடுத்தார். இருபதாம் நாள் பஸ்ல போன் போச்சு. வேற எங்கேயும் சேமிக்கலை. என் பொண்ணு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதுவும் போட்டோவா அனுப்பினது, அளவு சுருங்கிப் போச்சு. டாகுமெண்டா அனுப்பியிருந்தா அப்படியே இருந்திருக்கும்னு பிற்பாடு தெரிஞ்சுக்கிட்டோம்.

கடைக்காரர் பெரிசா போட்டா கட்டம் கட்டமாத் தெரியும்னு சொல்லி, 4க்கு 6ல போட்டுக் கொடுத்தார். அது "பாருங்கப்பா, எப்படிக் கத்துறா"ன்னு சொல்லி அனுப்பின படம். முகமெல்லாம் சிவந்து, வாயைத் திறந்து அழுதுக்கிட்டிருக்கா, ஒரு கையில வசம்பு வளையல் ஆடினதால கலங்கலா இருக்கு. ஹால்ல கேலண்டர் பக்கத்துல மாட்டியிருக்கோம். அவளுக்கு இப்போ ஏழு வயசு. வர்றவங்ககிட்ட "இது நான் இல்லை"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா.