ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஆ, கேடிஎம் 390 அட்வென்சரா? கொண்டை ஊசி வளைவில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சேலத்துப் பயணி

கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காரவள்ளியில் இருந்து ஏறினோம். புது பைக் எடுக்கும் யோசனையில் இருப்பதால் நண்பனின் 390 அட்வென்சரை நான் வாங்கி ஓட்டினேன். 373 சிசி, பழைய மாடல், சீட் உயரம் 855 மிமீ. கீழ் வளைவுகளில் சுகமாகத்தான் போனது. ஐம்பதாவது வளைவைத் தாண்டி ஓர் இடதுபக்கத் திருப்பம். பாதி திரும்பியபோது மேலிருந்து பஸ் வந்துவிட்டது. அதற்கு முழு ரோடும் வேண்டும், நிறுத்தித்தான் ஆக வேண்டும். இடது காலை ஊன்றினேன், தரையே இல்லை! வளைவின் உள்பக்கம் சரிந்து கிடப்பதால், சமதளத்தில் எட்டிய கால் அங்கே எட்டவில்லை. என் உயரம் 5 அடி 5 அங்குலம். வண்டி சாய்ந்துகொண்டே போகிறது. பஸ்ஸில் இருந்து கண்டக்டர் குதித்து ஓடிவந்து பின் கேரியரைப் பிடித்து, “பிரேக்க விட்றாதீங்க, நான் பிடிச்சுக்கிறேன்” என்றார். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. அவர் வராமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரியில் யோசிக்கிறேன்.

ஷோரூமைச் சுற்றி ஓட்டும் டெஸ்ட் ரைடில் இது எங்கே தெரியப் போகிறது? ஹிமாலயன் 450-ல் சீட் 825 மிமீதான், ஆனால் வண்டி 196 கிலோ. மனைவியோடு டூர் போக வேண்டும். மலையில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

போடி மலைக்காற்று

சீட்டை மட்டும் வைத்து 390-ஐத் தள்ளுவது நியாயமில்லை ப்ரோ. நீங்கள் ஓட்டியது பழைய மாடல். 2025-ல் வந்த 399 சிசி வண்டியில் சீட் 830 மிமீ. ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கா ஹிமாலயன்?

என் 390-ல் எனக்கு நடந்தது போடிமெட்டு மலைப்பாதையில். மழை விட்ட நேரம், இறங்கிக்கொண்டிருந்தேன். ஏலத்தோட்ட ஜீப் ஒன்று வளைவை அறுத்துக்கொண்டு நேராக என் பக்கம் வந்தது. வண்டி நன்றாகச் சாய்ந்திருந்த நிலையிலேயே முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். லிவரில் ஓர் அதிர்வு. அவ்வளவுதான். முன்சக்கரம் வழுக்கவில்லை, போன கோட்டிலேயே வேகம் குறைந்தது. ஜீப்பின் கண்ணாடி என் கையை உரசாத குறை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ்; வண்டியின் சாய்வையும் கணக்கில் எடுக்கும் கார்னரிங் ஏபிஎஸ் செய்த வேலை அது. ஹிமாலயனில் ஏபிஎஸ் உண்டு, ஆனால் இந்த வகை இல்லை. வளைவு ரோட்டுக்கு வண்டி கேட்பவர் இதைப் பேசாமல் எப்படி?

ஆழியாறு அக்கா

போடித் தம்பி சொல்வது பாதிதான் சரி. அப்படிப் பிரேக் பிடிக்கும் நொடி என்றைக்காவது வரும். ஊர்ந்து ஏறும் நேரமோ ஒவ்வொரு வளைவிலும் வருகிறது. ஹிமாலயன் 450-ல் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம், பின்னால் கணவர், இருபக்கமும் பை. ஒன்பதாவது வளைவில் வரையாட்டைப் பார்க்க முன்னால் போன கார் சட்டென்று நின்றுவிட்டது. நல்ல ஏற்றத்தில் நாங்களும் நின்றோம். கிளப்பும்போது உறுமல் இல்லை, திணறல் இல்லை, கிளட்சை விட்டதும் சும்மா நடந்து ஏறியது. 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது இழுக்கும் பலம், எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றும்போதே கிடைக்கிறது. பழைய 390-ல் 37, அதுவும் 7,000-க்குப் போனால்தான்.

குறையும் உண்டு. முன்சக்கரம் 21 அங்குலம் என்பதால் இடம் வலம் என்று அடுத்தடுத்து வளையும் இடத்தில் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளித்தான் திருப்ப வேண்டும். பழைய 390-ன் 19 அங்குலச் சக்கரம் அந்த இடத்தில் சட்டென்று திரும்பிவிடும்.

சேலத்துத் தம்பி, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பின்னால் ஆளும் பையும் ஏறினால் பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங்கை இறுக்கி வையுங்கள். பின்பக்கம் அமுங்கிக் கிடந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும், எந்த வண்டியும் வளைவில் வெளியே ஓடத்தான் பார்க்கும். கனமான சாமான் டாப் பாக்ஸில் வேண்டாம், பக்கப் பைகளின் அடியில் போடுங்கள். டயர் காற்றைக் காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே மேலே நிமிர்ந்து அடுத்த ரோட்டைப் பாருங்கள், பஸ் வருவது அங்கேயே தெரியும். தெரிந்தால் வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும் இடத்தில் நின்று ஹாரன் அடியுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி, ஆனால் பஸ்ஸோடு அதைப் பேச முடியாது. இறங்கும்போது ஏறிய அதே கியர். நியூட்ரலில் உருட்டுவதே கூடாது.

சின்னமனூர் சாலை

இரண்டு வண்டிக்கும் சண்டை போடுகிறீர்கள், மூன்றாவதை மறந்துவிட்டீர்கள். என்னிடம் சுசுகியின் வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், 167 கிலோ. மேகமலை ரோட்டில் மண் சரிந்து கிடந்த ஒரு வளைவில் தனியாளாக இறங்கி, வண்டியைப் பின்னால் தள்ளித் திருப்பிவிட்டேன். சுற்றிலும் தேயிலை, உதவிக்கு ஓர் ஆள் இல்லை. 196 கிலோவை அந்தச் சரிவில் நான் தள்ளியிருக்கவே முடியாது. ஆனால் 249 சிசி. நாற்கரச் சாலையில் ஆளும் பையும் ஏற்றி லாரியை முந்தும்போது இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. மனைவியோடு நீண்ட தூரம் என்றால் இதைச் சொல்ல மாட்டேன்.

போடி மலைக்காற்று

அக்கா, சஸ்பென்ஷன் பற்றிச் சொன்னது சரி. முறுக்குவிசைக் கணக்கு மட்டும் பழைய வண்டியோடு ஒப்பிட்டது. புதியதில் 39 நியூட்டன் மீட்டர், 46 குதிரைத்திறன். அதையும் ஆழியாறில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சேலத்துப் பயணி

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நிறுத்தும் இடம் பற்றி நீங்கள் சொன்னதைத்தான் கண்டக்டரும் அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஹிமாலயனுக்கு 805 மிமீக்கு இறக்கும் தாழ்வான சீட் தனியாகக் கிடைக்கிறதாமே, யாராவது போட்டிருக்கிறீர்களா? புது 390-ஐ ஏற்காடு ரோட்டில் மனைவியைப் பின்னால் ஏற்றி ஓட்டிப் பார்க்க ஷோரூமில் கேட்டிருக்கிறேன். சம்மதித்தால் இடதுபக்க வளைவு ஒன்றில் வேண்டுமென்றே நிறுத்தி, கால் எங்கே விழுகிறது என்று வந்து எழுதுகிறேன்.