கார்த்தியின் தொட்டிக்கு எந்த மணல்?

கார்த்தி: மாமா, 3 அடித் தொட்டி வந்துவிட்டது. எல்லோ லேப் என்கிற மஞ்சள் மீன் வளர்க்கப் போகிறேன். கடையில் கலர் கல் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

செல்வம் மாமா: வேண்டாம்டா. அது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன். வாயால் மணலை அள்ளி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். கல் என்றால் எப்படி அள்ளும்? மிச்சத் தீனியும் கல்லிடுக்கில் இறங்கி அழுகும். மணல்தான் சரி.

கார்த்தி: மாடி வேலைக்கு வாங்கிய எம்-சாண்ட் அரை மூட்டை கிடக்கிறது.

செல்வம் மாமா: அதைத் தொடாதே. பாறையை உடைத்துச் செய்தது, முனை கூராக இருக்கும். வாயில் போட்டுத் துப்புகிற மீனுக்கு ஆகாது. ஆற்று மணலைச் சலித்து, அலசிய தண்ணீர் தெளியும் வரை கழுவு.

உமா அத்தை: பீச் மணல் எடுத்தால் என்ன? பக்கத்தில்தானே.

செல்வம் மாமா: உப்பும் அழுக்கும் ஏறியிருக்கும் அக்கா, வேண்டாம்.

கார்த்தி: பவளத் துகள் போட்டால் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறுமாமே?

செல்வம் மாமா: ஏறும். இதற்கு 7.8 முதல் 8.6 வரை வேண்டும். ஆனால் உங்கள் போர் தண்ணீர் கொதித்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே கடினத் தண்ணீர்தான். டெஸ்ட் கிட் வைத்து பி.எச். பார். குறைந்தால் மட்டும் கொஞ்சம் பவளத் துகளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வை. தாது உப்பையெல்லாம் எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிவிடாதே.

நித்யா: சித்தப்பா, எங்கள் ஏஞ்சல் மீனும் எல்லோ லேப் மாதிரி சிக்லிட் குடும்பம்தானே? அதற்கும் பவளம் போடவா?

செல்வம் மாமா: போடாதே கண்ணு. ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், மென்மையான தண்ணீரில் வாழ்வது. கேரளாவில் வறுத்துத் தருகிற கரிமீன்கூட சிக்லிட்தான், அது காயல் உப்புநீரில் இருக்கும். மீனின் ஊரைக் கேட்டுவிட்டுத்தான் மணலைக் கேட்க வேண்டும்.

கார்த்தி: எவ்வளவு மணல் மாமா? அகலம் ஒன்றரை அடி.

செல்வம் மாமா: 2 அங்குலம் நிரப்ப 30 கிலோ போல ஆகும். முக்கியமான விஷயம், பாறைகளை முதலில் வெறும் தொட்டியில் ஆடாமல் அடுக்கு, அப்புறம் சுற்றி மணலைக் கொட்டு. மணல்மேல் பாறை வைத்தால் அடியில் தோண்டிச் சரித்துவிடும். மீன்மேல் விழும், கண்ணாடியும் உடையும்.

கார்த்தி: சரி மாமா. ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் மீன் வாங்கிவிடவா?

செல்வம் மாமா: இப்போது வேண்டாம். மணல், பாறை, ஃபில்டர் எல்லாம் போட்டு, கழிவைச் சுத்தமாக்கும் நல்ல பாக்டீரியா வளரும்படி தொட்டியை முதலில் பழக்கு. மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் 0 காட்டட்டும், நானே கூட வருகிறேன்.