ஆஃப்லைன் டாக்குமெண்டேஷன்: ஜிப் கொடுத்தேன், தேடல் வேலை செய்யவில்லை

கேள்வி:
எங்கள் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டின் டாக்குமெண்டேஷன் எம்கேடாக்ஸில் (எழுதிய டெக்ஸ்ட் ஃபைல்களை இணையதளமாக மாற்றும் கருவி) இருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் வேலை பார்க்கிற சிலர் கேட்டார்களே என்று, பில்ட் செய்து வந்த ஃபோல்டரை அப்படியே ஜிப் போட்டு ரிலீஸோடு கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இஷ்யூ மேல் இஷ்யூ. லிங்க்கை அழுத்தினால் பக்கத்துக்குப் பதிலாக ஃபைல் பட்டியல் திறக்கிறதாம், தேடல் பெட்டியில் என்ன அடித்தாலும் ஒன்றும் வரவில்லையாம். பேசாமல் பிடிஎஃப் கொடுத்துவிடலாமா?

பதில் 1:
ஜிப் போட்டதில் தப்பில்லை. எம்கேடாக்ஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபோல்டர் போட்டு உள்ளே இண்டெக்ஸ் ஃபைலை வைக்கும். சர்வர் இருந்தால் அதுவே அந்த ஃபைலை எடுத்துக் கொடுத்துவிடும், டிஸ்க்கிலிருந்து நேராகத் திறக்கும்போது எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. கான்ஃபிக்கில் யூஸ் டைரக்டரி யூஆர்எல்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், லிங்க் சரியாகிவிடும். தேடல் வேறு கதை. தேடலுக்கான சொற்பட்டியல், அதாவது அதன் இண்டெக்ஸ், ஒரு ஜேசான் (தரவு) ஃபைல், டிஸ்க்கிலிருந்து திறந்த பக்கம் அதைப் படிக்க பிரவுசர் விடாது. நீங்கள் போட்டிருப்பது எம்கேடாக்ஸின் மெட்டீரியல் தீம் என்றால் ஆஃப்லைன் என்றே ஒரு ப்ளகின் இருக்கிறது, இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்ஃபிங்ஸ் என்ற இன்னொரு டாக்குமெண்டேஷன் கருவியில் தேடல் இண்டெக்ஸே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாக வருவதால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் இதற்காக அங்கே மாறாதீர்கள்.

பதில் 2:
பிடிஎஃப் மட்டும் வேண்டாம். அதிலிருந்து ப்ரோக்ராம் வரிகளை காப்பி செய்தால் இண்டென்டேஷன் (வரியின் முன்னால் விடும் இடைவெளி) போய்விடும், அதை வைத்தே ஓடுவது பைத்தான், பைத்தான் ஆள் உங்களைத் திட்டுவான். அப்புறம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வெர்ஷனையும் பில்ட் தேதியையும் போடுங்கள். ஒரு லைப்ரரியின் பழைய ஆஃப்லைன் காப்பியை வைத்துக்கொண்டு, எப்போதோ நீக்கிவிட்ட ஆப்ஷன் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்திருக்கிறேன்.

கேட்டவர்:
ப்ளகின் போட்டதும் தேடல் வந்துவிட்டது, நன்றி. ஆனால் ஒருவருக்குக் கணிதச் சூத்திரங்கள் எல்லாம் டாலர் குறியோடு அப்படியே தெரிகிறதாம். என் கணினியில் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

பதில் 1:
சூத்திரங்களை வரைந்து காட்டும் மேத்ஜாக்ஸ் ஸ்கிரிப்டை சிடிஎன்னிலிருந்து, அதாவது இணையத்தில் இருக்கும் பொது சர்வரிலிருந்து எடுக்கிறீர்கள், சரியா? அதை இறக்கி ப்ராஜெக்டுக்குள்ளேயே வையுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, இதுவரை அந்தத் தளத்தைத் திறக்காத புது பிரவுசர் ப்ரொஃபைலில் பாருங்கள். இல்லையென்றால் கேஷில் (முன்பு இறக்கிச் சேமித்து வைத்ததில்) இருப்பதைக் காட்டி பிரவுசர் ஏமாற்றிவிடும்.

கேட்டவர்:
அணைத்துப் பார்த்தேன். சூத்திரம் இருக்கட்டும், எங்கள் லோகோவே வரவில்லை.