தீப்பிடித்த வீட்டை அப்படியே விற்பதா, சரிசெய்து விற்பதா?

பொருநை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் அம்மா பெயரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. 5 சென்ட் மனை, கீழே 1998-ல் கட்டிய சுமார் 1,100 சதுர அடி காங்கிரீட் வீடு, மேலே 2019-ல் வங்கிக் கடன் வாங்கி ஒரு அறை எடுத்தோம். கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. போன மாதம் மத்தியானம் அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் பிரிட்ஜ் இருந்த மூலையில் தீப்பிடித்து, சாப்பாட்டு அறையும் சமையலறையும் முழுக்க எரிந்துவிட்டன. மின்கசிவு என்று தீயணைப்பு நிலையத்தில் எழுதியிருக்கிறார்கள். முன்னறையில் புகைக்கரி மட்டும்தான், மேல் அறைக்கு ஒன்றும் இல்லை. எரிந்த அறைகளில் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுந்து, சமையலறைக்கு மேலே இரண்டு மூன்று இடத்தில் கம்பி தெரிகிறது.

அம்மா இனி அங்கே இருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார், என்னோடு சென்னைக்கு வந்துவிட்டார். அதனால் விற்பது முடிவு. ஒரு தரகர் பார்த்துவிட்டு, கட்டடத்துக்கு மதிப்பே கிடையாது, இடிக்கிற செலவைக் கழித்து 38 லட்சம் தரலாம் என்கிறார். அந்தத் தெருவில் காலி மனையே சென்ட் பத்து லட்சத்துக்குக் குறையாமல் போகிறது. சித்தப்பா வேறு மாதிரி சொல்கிறார்: உதிர்ந்த இடத்தைப் பூசி நல்லா பெயின்ட் அடித்து, கொஞ்ச நாள் வாடகைக்கு விட்டுவிட்டு, அப்புறம் தீ விபத்தைப் பற்றி வாயே திறக்காமல் விற்றுவிடலாம் என்று. எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. வாங்குகிறவர்களும் குழந்தை குட்டியோடு வந்து அந்தத் தளத்துக்குக் கீழேதானே படுப்பார்கள்? அப்படியே விற்றால் நியாயமான விலை வருமா, சரிசெய்தால் போட்ட பணம் திரும்ப வருமா, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சைட் இன்ஜினியர், திருச்சி:

சகோதரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய நிம்மதி. விலை பேசுவதற்கு முன்னால் அந்த இரண்டு அறைத் தளமும் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் தரகர் 38 என்றாலும் நீங்கள் 60 என்றாலும் இரண்டும் குத்துமதிப்புதான்.

முதலில் ஒன்று, எரிந்த சாமான்களை அள்ளி வெளியே போட்டுவிடாதீர்கள். எவ்வளவு சூடு ஏறியது என்பதை அவற்றை வைத்துத்தான் ஓரளவு கணிப்போம். அலுமினியப் பாத்திரம் உருகி ஓடியிருந்தால் அந்த இடம் 660 டிகிரியைத் தொட்டிருக்கிறது. பக்கத்து அலமாரியில் பிளாஸ்டிக் டப்பா வெறுமனே கோணிப்போய் நிற்கிறது என்றால் அங்கே அவ்வளவு சூடு இல்லை. ஒரே அறைக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கும்.

அப்புறம் தளத்தின் அடிப்பகுதி. சூடு மேலே ஏறும் என்பதால் சுவரைவிடத் தளம்தான் அதிகம் அடிவாங்கும். காங்கிரீட் 300 டிகிரிக்கு மேல் போனால் நிரந்தரமாக வலு குறைய ஆரம்பிக்கும், 600 தாண்டினால் அந்தப் பகுதியை நம்ப முடியாது. மீதிப் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு உள்ளே என்ன நிறம் என்று பார்க்கச் சொல்லுங்கள். 300-ஐ ஒட்டிச் சூடு பட்டால் பல வகை ஜல்லிகளில் காங்கிரீட் இளஞ்சிவப்பாகத் தெரியும், இன்னும் ஏறினால் வெளுத்த சாம்பல் நிறமாகும். எல்லா ஜல்லியும் நிறம் மாறாது என்பதால் நிறம் மாறவில்லையே, தப்பித்தோம் என்றும் இருந்துவிட முடியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடத்தில் கணீரென்றும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொத்பொத்தென்றும் கேட்கும். தீயணைப்புத் தண்ணீர் சூடான தளத்தில் பட்டு உண்டான விரிசல்களும் இருக்கலாம், அவற்றையும் சாக்பீஸால் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். தளத்துக்கு முட்டு கொடுக்காமல் யாரும் கீழே நின்று தட்ட வேண்டாம்.

கம்பியைப் பொறுத்தவரை, இப்போதைய டி.எம்.டி. கம்பி (சூடாக உருட்டி உடனே தண்ணீரில் குளிர்வித்து வலுவாக்கியது) 600 டிகிரிக்குள் சூடாகி ஆறிவிட்டால் பெரும்பாலும் பழைய வலுவுக்குத் திரும்பிவிடும். ஆனால் 1998 வீடு என்றால் முறுக்குக் கம்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். முறுக்கியதால் வந்த வலு அது, 450 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கூடுதல் வலு போய்விடும், ஆறினாலும் திரும்பாது. அதனால் வெளியே தெரிகிற கம்பியில் ஒரு துண்டு வெட்டி இழுவைச் சோதனைக்குக் கொடுப்பது அவசியம் (எங்கே வெட்டலாம் என்று கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும், கொத்தனார் அல்ல).

சோதனை என்று பார்த்தால், காங்கிரீட்டுக்குள் ஒலியலை அனுப்பி வேகம் பார்ப்பது ஒன்று. வினாடிக்கு 3 கி.மீ.க்குக் கீழே வந்தால் சந்தேகம். கூடவே கோர் (தளத்தில் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து நசுக்கிப் பார்ப்பது, குறைந்தது 3 கோர். வெறும் ரீபவுண்ட் சுத்தியல் சோதனை (மேற்பரப்பில் அடித்துத் துள்ளலை அளக்கும் கருவி) ஒன்றைச் செய்துவிட்டு அறிக்கை கொடுத்தால் வாங்காதீர்கள், தீப்பட்ட மேற்பரப்பில் அது ஏமாற்றும். பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகள் பலவற்றில் கட்டணம் கட்டினால் செய்து தருவார்கள், அந்த முத்திரையோடு வரும் அறிக்கைக்கு வாங்குகிறவரிடமும் மதிப்பு உண்டு.

படம் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முழு வீட்டையும் இடிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று கேட்க விட்டுப்போனது, மேல் அறை எரிந்த அறைகளுக்கு நேர் மேலேயா, முன்னறைக்கு மேலேயா?

பொருநை மகள்:

முன்னறைக்கு மேலேதான் சார். சமையலறைக்கு மேலே மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி மட்டும் இருக்கிறது.

சைட் இன்ஜினியர், திருச்சி:

அப்படியானால் நல்லது. தொட்டியை இன்றைக்கே காலி செய்யச் சொல்லுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன் எடை அந்தத் தளத்தின் மேல் நிற்கிறது.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

அம்மா, இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வங்கிக் கடன் இருக்கிறது என்றால் தீக்காப்பீடு எடுத்திருக்க வாய்ப்பு அதிகம், பல வீடுகளில் பிரீமியத்தைக் கடன் கணக்கிலேயே பிடித்துவிடுவார்கள், வீட்டுக்காரருக்கு நினைவிருக்காது. நாளைக்கே வங்கியில் கேளுங்கள். 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்த அல்லது புதுப்பித்த பாலிசி என்றால் அது பெரும்பாலும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வடிவத்தில் இருக்கும். அதில் கட்டடம் தவிர வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே சேர்ந்திருக்கும். இடிபாடு அகற்றும் செலவு, வீடு குடியிருக்க முடியாமல் இருக்கும் காலத்தின் வாடகை ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. அந்த வடிவத்தில் கோரிக்கைப் படிவம் 30 நாளுக்குள் தர வேண்டும். நாள் கடந்திருந்தாலும் காரணம் எழுதிக் கொடுங்கள், விட்டுவிடாதீர்கள். தாமதம் ஒன்றையே காட்டி நியாயமான கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துப் போகும்வரை பூச்சு வேலையோ இடிப்போ எதுவும் செய்யக்கூடாது. மழை இறங்காமல் மூடி வைப்பது, முட்டு கொடுப்பது போன்ற பாதுகாப்பு வேலைகள் செய்யலாம், பில்லைப் பத்திரமாக வையுங்கள். சீர்செய்யாமல் அப்படியே விற்கப் போகிறீர்கள் என்றால் தொகையை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதைக் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிரய ஒப்பந்தத்திலும் இந்த விபத்துக்கான காப்பீட்டுப் பணம் விற்பவருக்கே என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு தகராறு.

கோவைக்காரி:

நான் மறுபக்கத்தில் இருந்து சொல்கிறேன், நாங்கள் தீப்பிடித்த வீடு ஒன்றை வாங்கியவர்கள். அதற்கு முன்னால் இன்னொரு வீட்டை வேண்டாம் என்று விட்டோம், அதிலும் தீப்பிடித்திருந்தது, ஆனால் சொல்லவில்லை. புதுப் பெயின்ட் பளிச்சென்று இருந்தது, விலையும் ஆசை காட்டியது. சமையலறை லாஃப்டுக்கு உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன், வெள்ளைக்கு அடியிலிருந்து மஞ்சளும் பழுப்புமாகக் கறை கசிந்து வந்திருந்தது. புகைக்கரி பூச்சுக்குள் இறங்கிவிட்டால் சும்மா எமல்ஷன் இரண்டு கோட்டிங் அடித்து மறைக்க முடியாது, கழுவிச் சுரண்டி, கறை தடுக்கும் பிரைமர் போட்டு அடிக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பூச்சையே உரித்து எடுக்க வேண்டியதுதான். மழைக்காலம் வந்தால் வாசமும் வரும். தெருமுனைக் கடையில் விசாரித்தபோது எந்த வருஷம், எந்த அறை என்று முழுக் கதையும் சொல்லிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் மட்டும் சொல்லாமல் இருப்பார்களா? உங்கள் சித்தப்பா நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் அது நடக்காது.

நாங்கள் வாங்கிய வீட்டுக்காரர் முதல் நாளே ஒரு கோப்பைக் கையில் கொடுத்தார். விபத்து நடந்த மறுநாள் எடுத்த படங்கள், தீயணைப்புச் சான்று, சோதனை அறிக்கை, சீர்செய்ய ஆகும் செலவுக்கு ஒப்பந்தக்காரர் எழுதிய மதிப்பீடு, எல்லாம் அதில் இருந்தது. எங்கள் இன்ஜினியரையும் கூட்டிப்போய்ப் பார்க்கவிட்டார். அதனால்தான் பயம் போய்ப் பேரம் பேச முடிந்தது. மதிப்பீட்டுத் தொகையையும் அதற்கு மேல் எங்கள் தலைவலிக்கு ஒரு தொகையையும் கழித்துக்கொண்டோம், அவ்வளவுதான். அவர் சீரமைப்பு வேலை எதுவும் செய்யவில்லை, ஒயரிங், டைல்ஸ், சமையல் மேடை எல்லாம் எங்கள் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டோம். நீங்கள் பணம் போட்டுச் சமையலறை கட்டினாலும் வாங்குகிறவர் இடித்துத் தன் விருப்பப்படிதான் கட்டுவார். தளத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, மற்றதைத் தொடாமல் விற்பதைப் பற்றி யோசியுங்கள்.

யாராவது இறந்தார்களா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆவண எழுத்தர்:

தங்கச்சி, பதிவு சம்பந்தமாகச் சில விஷயம் சொல்கிறேன். மறைத்து விற்பது சட்டப்படியும் ஆபத்து. 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவில், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் வாங்குகிறவர் கண்ணில் படாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்றே இருக்கிறது. சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. பூச்சுக்குள் மறைத்த தளம் அதில் வரும். அதனால் கிரய ஒப்பந்தத்திலேயே தீ விபத்து நடந்த தேதி, எந்த அறைகள், அறிக்கையின் நகல் வாங்குபவரிடம் தரப்பட்டது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அது உங்கள் அம்மாவுக்குத்தான் பாதுகாப்பு.

இன்னொன்று, சிலர் கட்டட மதிப்பைத் தவிர்க்கக் காலி மனை என்று எழுதச் சொல்வார்கள். கட்டடம் நிற்கும்போது அப்படி எழுதாதீர்கள். கள ஆய்வுக்கு வந்தால் குறைமதிப்பு என்று முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் தனித்துணை ஆட்சியர் (முத்திரை) அலுவலகத்துக்குப் போய்விடும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டுவது வாங்குபவர்தான் என்றாலும், இழுபறி இருவருக்கும். உள்ளதை உள்ளபடி கட்டடம் என்று காட்டி, தீயணைப்புச் சான்றையும் இன்ஜினியர் அறிக்கையையும் கூட வைத்து, கட்டட மதிப்பைக் குறைத்துக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். அரசு மதிப்பு விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் வருமான வரியில் அரசு மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள், துறை மதிப்பீட்டாளரிடம் அனுப்பக் கோரும் வழி உண்டு. அதை ஒரு ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள், காப்பீட்டுப் பணத்துக்கும் வரி வருமா என்று அவரிடமே கேளுங்கள்.

அசல் பத்திரம் வங்கியில் இருப்பது உங்கள் நல்ல காலம். வீட்டில் இருந்து எரிந்திருந்தால் காவல் நிலையம், பத்திரிகை விளம்பரம், சான்றிட்ட நகல் என்று அலைய வேண்டும். கடனை அடைத்ததும் அசலை வாங்குவதோடு நின்றுவிடாமல், கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணமும் பதிவு செய்யுங்கள், அப்போதுதான் வில்லங்கச் சான்றில் அடமானம் தீர்ந்ததாக வரும்.

பொருநை மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வங்கியில் கேட்டேன், பாலிசி இருக்கிறது, தகவல் கொடுத்துவிட்டோம். தொட்டியும் காலி செய்தாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம், வாங்குபவர் வங்கிக் கடன் போட்டால் இந்த நிலையில் வீட்டுக்குக் கடன் கிடைக்குமா? அந்தத் தரகருக்கு என்ன பதில் சொல்வது?

கோவைக்காரி:

தளம் சரிசெய்யாமல் இருந்தால் கஷ்டம். வங்கி மதிப்பீட்டாளர் கம்பி தெரிகிற தளத்தைப் பார்த்தால் கட்டடத்துக்கு மதிப்புப் போட மாட்டார், கடன் தொகை குறையும் அல்லது கிடைக்காது. அப்போது கையில் பணம் வைத்திருப்பவர் மட்டும்தான் வருவார், அவர்தான் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். தளம் சரிசெய்து அதற்கான சான்றும் இருந்தால் கடன் போடுகிறவர்களும் வருவார்கள். தரகரிடம், அறிக்கை வந்ததும் பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள். தெரு விலைப்படி மனை மட்டுமே 50 லட்சம் என்றால் 12 லட்சம் கழிப்பது எந்தக் கணக்கு என்றும் கேளுங்கள். 1,100 சதுர அடி வீட்டை இடிக்க அவ்வளவு ஆகாது. உள்ளூரில் இடிப்பு வேலை செய்கிற இரண்டு மூன்று பேரிடம் விலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாளைக் காட்டினால் போதும். அட்வான்ஸ் எதுவும் இப்போது வாங்க வேண்டாம்.

சைட் இன்ஜினியர், திருச்சி:

மின் இணைப்பு இன்னும் இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துத் துண்டித்து வையுங்கள். பழைய ஒயரிங்கில் மேல் அறைக்கு மட்டும் லைன் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோர் எடுக்க வருகிறவர்கள் ஜெனரேட்டர் கொண்டுவருவார்கள்.