சூடானால் ஸ்டார்ட் ஆகாத புன்டோ: கோவையில் உதவி தேவை

என்னிடம் இருப்பது 2010 ஃபியட் கிராண்டே புன்டோ, 1.3 மல்டிஜெட் டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இத்தாலிய கார் டிசைனர் ஜூஜாரோவின் டிசைன், இந்த விலைக்கு இவ்வளவு அழகான வண்டி வேறு இல்லை, விற்க மனமில்லை.

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. மேட்டுப்பாளையம் வரை ஓட்டி நிறுத்தினால், இன்ஜின் ஆறும்வரை செல்ஃப் சுற்றுகிறதே தவிர பிடிப்பதில்லை. கோடை தொடங்கியதிலிருந்து இப்படித்தான். புகை இல்லை, இழுவையும் குறையவில்லை.

டீசல் ஃபில்டர், பேட்டரி, கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணர்வது) எல்லாம் மாற்றியாயிற்று. ஸ்கேனரில் எரர் கோட் இல்லை. மெக்கானிக் டீசல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார், அது பெரிய செலவு. எனக்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல்தான் சந்தேகம்: சூட்டில் டீசல் இளகி, ரிட்டர்னில் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் வழி) அதிகம் போய், ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்) பிரஷர் ஏறவில்லையோ?

இன்ஜின் சூடாக இருக்கும்போதே இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் செய்து பார்ப்பவர் கோவையில் யார்?