கலைச்சொல்: சீன மரத்தின் விதைமேல் கொழுப்புக்கு என்ன பெயர்?

குழந்தைவேல் ஐயாவுக்கு வணக்கம்.

டிரையாடிகா செபிஃபெரா என்னும் சீன மரத்துக்கு ‘மெழுகு மரம்’ என்று உங்கள் கலைச்சொல் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். விதைமேல் இருக்கும் வெள்ளைப் பூச்சு பார்வைக்கு மெழுகுதான். பொருளால் அது கொழுப்பு. பால்மிட்டிக், ஒலியிக் அமிலங்கள் கிளிசரினோடு சேர்ந்தது. காரம் விட்டுக் காய்ச்சினால் சோப்பாகும், கிளிசரின் பிரியும். தேன்மெழுகு அப்படி முழுக்கச் சோப்பாகாது. 1753-இல் தாவரவியலறிஞர் லின்னேயஸ் இதன் பெயரில் கொடுத்த ‘செபிஃபெரா’ என்ற அடைமொழியும் ‘கொழுப்பு தருவது’ என்றே பொருள்படும். வர்த்தி செய்கிறார்களே என்றால், மாட்டுக்கொழுப்பிலும் வர்த்தி செய்தவர்கள்தான்.

இதைவிட முக்கியமானது, ஒரே விதையில் இரண்டு பொருள் இருப்பது. மேலே உறையும் கொழுப்பு. உள்ளே, காற்றுப்பட்டால் காய்ந்து படலமாகும் எண்ணெய். முன்னது வர்த்திக்கும் சோப்புக்கும், பின்னது வார்னிசுக்கும் பெயிண்டுக்கும். சீனர்கள் முன்னதைத் ‘தோல் எண்ணெய்’ என்று பிரித்தே சொல்கிறார்கள். ‘உறைக்கொழுப்பு’, ‘பருப்பெண்ணெய்’ என்று வைக்கலாமா?

மணிமேகலை, ஏற்காடு

*

அம்மா, வணக்கம்.

மெழுகை எடுத்துவிடுகிறேன், ‘சீனக் கொழுப்பு மரம்’ இருக்கட்டும். ‘உறைக்கொழுப்பு’ என்பதில் ஒற்று விடுபட்டு ‘உறைகொழுப்பு’ என அச்சானால் வினைத்தொகையாகிவிடும். குளிரில் உறையும் தேங்காயெண்ணெய்கூட அதில் அடங்கும். ‘விதையுறைக் கொழுப்பு’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

‘பருப்பெண்ணெய்’ வேண்டாம். சமையலறைச் சொல்லாக ஒலிக்கிறது. இந்த எண்ணெய் உண்ணத் தகாதது. பிண்ணாக்கையும் மாட்டுக்கு வைக்காமல் எருவாகத்தான் போட வேண்டும். ‘உலரெண்ணெய்’ என்று மட்டும் சொன்னால் ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே ‘விதையுள் உலரெண்ணெய்’.

விளக்கத்தில் செய்முறையும் வர வேண்டும். காய் ஓட்டை நீக்கிய விதையைத் துளையுள்ள கூடையில் போட்டு நீராவியில் வைத்தால் உறை உருகி வடியும். அதைத் துணியில் வடிகட்டி ஆறவிட்டால் கட்டியாகும். உறை போன விதையைக் காயவைத்து அதன்பிறகே செக்கில் ஆட்ட வேண்டும். மொத்தமாக ஆட்டினால் எண்ணெய் கலந்து கொழுப்பு இளகிவிடும், வர்த்தி நிற்காது. அந்தக் கலவை வார்னிசுக்கும் சரியாக உலராது.

ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தால் சேலத்துக்காரர்களுக்கு நன்கு பழக்கமான ஆமணக்கும் மரவள்ளியும் இதே குடும்பம் என்பதைச் சேர்க்கலாம். ஆமணக்குப் போலவே காய்க்கு மூன்று விதை. ஓடு உதிர்ந்தபின் பெரிய ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக நடுக்காம்பில் ஒட்டி நிற்கும்.

குழந்தைவேல், சேலம்

*

ஐயா, இரண்டு சொல்லும் பொருத்தம்.

ஒரு வரி மட்டும் கூடுதலாக வேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1772-இல் ஜார்ஜியாவுக்கு இதன் விதையை அனுப்பினார். இன்று அமெரிக்கத் தென்மாநிலங்களில் இது பறவையும் வெள்ளமும் பரப்பும் களைமரம், பாலும் நஞ்சு. எங்கள் சேர்வராயன் மலைச்சரிவுகளில் அயல்களையான உண்ணிச்செடியே போதும் போதும் என்றிருக்கிறது. எண்ணெய் மரம் என்று படித்துவிட்டு யாரும் ஓடையோரம் நட்டுவிடக் கூடாது. பதிவின் தலைப்பிலேயே ‘பரவும் அயல்மரம்’ என்று குறித்துவிடுங்கள்.

மணிமேகலை