மிஸ்டர் பென்னட் நல்ல அப்பாவா?

கேள்வி:
ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். கல்லூரிக் காலத்தில் அதில் ஐந்து பெண்களுக்கு அப்பாவாக வரும் மிஸ்டர் பென்னட் என்றால் எனக்கு உயிர். அந்த நக்கல், இரண்டாவது மகள் எலிசபெத் மேல் அந்தத் தனிப் பிரியம்! இப்போது எனக்கே இரண்டு பெண்கள். இந்தத் தடவை அந்த மனுஷன் வாயைத் திறந்தாலே எரிச்சலாக வருகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில் 1:
கணக்கைப் பார்த்தால் இன்னும் எரியும். வருட வருமானம் 2,000 பவுண்டு. சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போகும். பையன் பிறப்பான், அவன் தலையெடுத்ததும் அந்த ஏற்பாட்டை முறித்துவிடலாம் என்று இருந்துவிட்டார். பிறந்தது ஐந்தும் பெண். அதற்கப்புறமாவது சேமித்தாரா? இல்லை. மனைவிக்கும் பெண்களுக்கும் என்று இருப்பது கல்யாணத்தின்போது எழுதி வைத்த 5,000 பவுண்டுதான்.

பதில் 2:
ஆஸ்டினின் ‘பர்சுவேஷன்’ நாவலைப் படியுங்கள், பென்னட் தேவலை என்று ஆகிவிடும். அதில் அப்பாவாக வரும் சர் வால்டர் எலியட்டுக்குப் பிடித்த ஒரே புத்தகம் பாரோனெட் (பரம்பரைப் பட்டம்) குடும்பங்களின் பட்டியல். அதிலும் தன் குடும்பத்துப் பக்கம். நடு மகள் ஆன் சொல் அந்த வீட்டில் எடுபடாது. கடன் முற்றி வீட்டை வாடகைக்கு விட, குடிவந்த அட்மிரல் கிராஃப்ட் அவர் அறையிலிருந்த பெரிய முகம் பார்க்கும் கண்ணாடிகள் சிலவற்றை அப்புறப்படுத்துகிறார். (பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிந்தால் மனுஷன் என்ன செய்வார்!)

கேள்வி கேட்டவர்:
சர் வால்டர் மேல் கோபமே வரவில்லை, அவர் கோமாளி. பென்னட்டுக்கு எல்லாம் தெரியும், அதுதான் ஆறவில்லை. கடைசி மகள் லிடியாவை, ராணுவம் முகாமிட்டிருக்கும் பிரைட்டனுக்கு அனுப்ப வேண்டாம் என்று எலிசபெத் எவ்வளவு எடுத்துச் சொல்கிறாள்! லிடியா போகாவிட்டால் லாங்பர்னில், அதாவது அவர்கள் வீட்டில், நிம்மதி இருக்காதாம். நிம்மதி என்றால் நூலகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது.

நேற்று, லிடியா ஒரு ராணுவ அதிகாரியோடு ஓடிப்போன பகுதிக்கு வந்தேன். லண்டனில் தேடி அலைந்துவிட்டுத் திரும்பியவர், தப்பு என்னுடையதுதான் என்கிறார். அடடா என்று நினைப்பதற்குள், இந்த உறுத்தல் சீக்கிரம் போய்விடும் என்று அவரே சேர்த்துக்கொள்கிறார். அப்புறம் இன்னொரு மகள் கிட்டி பக்கம் திரும்புகிறார். இனி ராணுவ அதிகாரிகள் யாரும் வீட்டுப் படியேறக் கூடாது, அக்காளோடு ஆடுவதாக இருந்தால் மட்டும் நடனம், பத்து வருஷம் ஒழுங்காக இருந்தால் ராணுவ அணிவகுப்பு பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்கிறார். கிட்டி அதை நிஜம் என்று நம்பி அழ ஆரம்பிக்கிறாள்.

போன தடவை இதே இடத்தில் நான் சிரித்திருக்கிறேன்.